பழுதின் காரணம் தேடியவர்: ஜேம்ஸ் வாட்

நுழையும்முன்

பேத்தமங்களாவைச் சுற்றியுள்ள கேழ்வரகு வயல்களிலும் தக்காளித் தோட்டங்களிலும் டிராக்டர்கள் உழைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் மிகப் பழையதொன்றின் ஒலியைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள். சில வேளைகளில் அது நின்ற இடத்திலேயே உறுமுவதும் தணிவதுமாக ஓடும். கலப்பை மண்ணில் இறங்கியதும் திணறும். கலப்பையை மேலே தூக்கியதும் அலறும். அனுபவமுள்ள மெக்கானிக் அவ்வொலியைக் கேட்டதும் 'கவர்னர்' என்னும் உறுப்பின்மீது ஐயம் கொள்வார். நாட்டின் ஒரு மாநிலத்தை ஆள்பவரை ஆளுநர் என்கிறோம். ஆங்கிலத்தில் அவருக்கு வழங்கும் பெயரே இவ்வுறுப்புக்கும் வழங்குகிறது. இன்ஜினின் வேகத்தை ஆள்வது இதன் பணி. இதனை நீராவி இன்ஜினில் பொருத்தி உலகிற்குப் பழக்கியவர் ஜேம்ஸ் வாட். பழுதுபட்ட ஒரு பொருளின் முன் அமர்ந்து காரணம் தேடியதே அவருடைய வாழ்வைத் திருப்பியது. அவ்வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

தந்தையின் பட்டறை

ஜேம்ஸ் வாட் 1736ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் கிரீனாக் என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். தந்தையார் கப்பல்களுக்கு வேண்டிய பொருள்களைச் செய்தும் விற்றும் வாழ்ந்தவர். தாயார் கல்வியறிவு மிக்கவர். வாட் இளமையில் நோயாளி. தலைவலி அவரை அடிக்கடி வாட்டியது. எனவே தொடக்கக் கல்வியைப் பெரும்பாலும் வீட்டிலேயே தாயாரிடம் கற்றார். தந்தையின் பட்டறையில் அவருக்கெனச் சில கருவிகள் இருந்தன. அவற்றைக் கொண்டு சிறு பொறிகளைச் செய்வதும், கப்பற்கருவிகளைக் கழற்றிப் பூட்டுவதும் அவருக்கு விளையாட்டாயின. கணக்கில் அவருக்கு நாட்டம் மிகுதி.

தாயார் மறைந்தார், தந்தையின் வணிகமும் நலிந்தது. வாட் தம் கைத்தொழிலால் பிழைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. அறிவியல் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க 1755இல் இலண்டன் சென்றார். அத்தொழிலை ஏழாண்டுகள் பயில்வது அக்கால வழக்கம். வாட் இரவு பகலாக உழைத்து ஓராண்டில் கற்று முடித்தார். உடல் மெலிந்து ஊர் திரும்பிய அவருக்குக் கிளாஸ்கோ நகரில் வேறொரு தடை காத்திருந்தது. ஏழாண்டு பயிலாதவர் அந்நகரில் கடை வைக்கத் தொழிலாளர் சங்கம் இசைவளிக்கவில்லை. அந்நகரத்துப் பல்கலைக்கழகமோ அவருடைய திறமையை மட்டுமே நோக்கியது. 1757இல் அது தன் வளாகத்திலேயே அவருக்கு ஒரு பட்டறையை அளித்தது.

வெளியூரிலிருந்து வந்து, ஊரார் கதவடைத்த வேளையில், கைத்திறன் ஒன்றையே துணையாகக் கொண்டு காலூன்றியவர்கள் பலர். தமிழகத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்து சுரங்கத்திலும் பட்டறையிலும் உழைத்த நம் முன்னோரும் அத்தகையவர்களே.

ஓடாத சிறு இன்ஜின்

1763-64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வாட்டின் மேசைக்கு ஒரு சிறிய பொருள் வந்து சேர்ந்தது. அது வகுப்பறையில் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட மாதிரி நீராவி இன்ஜின். தாமஸ் நியூகோமன் என்பவர் 1712இல் அமைத்த பெரிய இன்ஜினின் சிற்றுருவம் அது. பெரிய இன்ஜின்கள் சுரங்கங்களில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றின. மாதிரியோ சில முறை அசைந்ததும் நின்றுவிட்டது.

பழுது நீக்குவோர் பலர், தேய்ந்த உறுப்பை மாற்றியவுடன் தம் வேலை முடிந்ததாகக் கருதுவர். வாட்டும் முதலில் பழுதான உறுப்புகளைச் சீர்செய்தார். எல்லா உறுப்புகளும் நல்ல நிலையில் இருந்தன. ஆயினும் இன்ஜின் ஓடவில்லை. உறுப்புகளில் குறையில்லையெனில் குறை எங்கே உள்ளது என்னும் கேள்வி அவரை விடவில்லை.

அவர் அளக்கத் தொடங்கினார். உருளை கொள்ளும் அளவைப்போலப் பன்மடங்கு நீராவி ஒவ்வோர் அசைவிலும் செலவாவதைக் கண்டார். காரணம் விரைவில் புலப்பட்டது. நியூகோமன் இன்ஜினில் நீராவி உருளைக்குள் நுழையும். பிறகு அதே உருளைக்குள் குளிர்ந்த நீர் தெளிக்கப்படும். நீராவி நீராக மாறி வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். குளிர்நீர் பட்டதால் உருளையும் குளிர்ந்துவிடும். அடுத்து வரும் நீராவியின் பெரும்பகுதி, குளிர்ந்த உருளையை மீண்டும் சூடாக்குவதிலேயே வீணாகும். சிறிய மாதிரியில் இவ்விழப்பு மேலும் மிகுதி. எனவே பழுது ஓர் உறுப்பில் இல்லை. இன்ஜினின் அமைப்பிலேயே இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜோசப் பிளாக், நீராவியில் மறைந்துள்ள உள்ளுறை வெப்பத்தை ஆராய்ந்தவர். அவருடன் உரையாடியதும் வாட்டின் சிந்தனைக்குத் துணையாயிற்று.

1765ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கிளாஸ்கோ நகரின் புல்வெளியில் உலாவியபோது அவருக்குத் தீர்வு தோன்றியது. நீராவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கலம் இருந்தால் போதும். உருளை எப்போதும் சூடாக இருக்கும். கலம் எப்போதும் குளிர்ந்திருக்கும். இரண்டையும் ஒரு குழாய் இணைக்கும். ஒரே இடத்தில் மாறி மாறி நிகழ்ந்த இரு வேலைகளை இரண்டு இடங்களுக்குப் பிரித்ததே அவருடைய கண்டுபிடிப்பு.

பதினோர் ஆண்டுக் காத்திருப்பு

தீர்வு ஒரு நாளில் தோன்றியது. அது இரும்பில் உருப்பெறப் பதினோர் ஆண்டுகள் ஆயின. அக்காலத்தில் பெரிய உருளையைச் சீரான வட்டமாகக் குடைய இயலவில்லை. உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே நீராவி கசிந்தது. வாட்டிற்குப் பொருளுதவி செய்து பங்காளியாகச் சேர்ந்தவர் ஜான் ரோபக். 1769இல் காப்புரிமை கிடைத்தது. எனினும் பணம் கரைந்தது. குடும்பத்தைக் காக்க வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கும் வேலையை ஏற்றார். மழையிலும் குளிரிலும் அலைந்தார். 1773இல் ரோபக் கடனில் மூழ்கி நொடித்துப்போனார். அதே ஆண்டில் வாட்டின் மனைவி மார்கரெட் பேறுகாலத்தில் உயிர் துறந்தார். நில அளவைப் பணிக்காகத் தொலைவில் இருந்த வாட், வீடு திரும்புமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு அவர் ஸ்காட்லாந்தை விட்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தொழிலதிபர் மேத்யூ போல்டன் அவருடன் கூட்டுச் சேர்ந்தார். பீரங்கிக் குழாய் குடைவதில் வல்லவரான ஜான் வில்கின்சன், உருளைகளைத் துல்லியமாகக் குடைந்து தந்தார். கசிவு அடங்கியது. 1776இல் வாட்டின் இன்ஜின்கள் முதன்முதலாகத் தொழிலிடங்களில் ஓடத் தொடங்கின.

சுரங்கங்கள் அவற்றை விரும்பி ஏற்றன. குறிப்பாக, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வால் பகுதியின் செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் நிலக்கரி கிடைப்பது அரிது, விலையும் மிகுதி. பழைய இன்ஜினோடு ஒப்பிடும்போது மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கே வாட், போல்டன் இருவருக்கும் கூலியாயிற்று. நூறாண்டுகளுக்குப் பின் அதே கார்ன்வாலின் சுரங்கத் தொழில் நலிந்தபோது அங்கிருந்து பலர் உலகெங்கும் சென்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் கோலார் தங்கவயலுக்கும் வந்தனர். இங்குள்ள சுரங்கங்கள் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டின. 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வரும்வரை, தங்கவயலின் பொறிகளை இயக்கியது நீராவியே.

சுழலும் இரு குண்டுகள்

நீர் இறைக்கும் இன்ஜினுக்கு மேலும் கீழும் அசைந்தால் போதும். ஆலைகளுக்கோ சக்கரத்தைச் சுழற்றும் இன்ஜின் வேண்டும். 1780களில் வாட் அத்தகைய இன்ஜின்களை உருவாக்கினார். அப்போது புதிய சிக்கல் எழுந்தது. ஆலையின் பொறிகள் சில நிறுத்தப்பட்டால் சுமை குறையும்; இன்ஜின் வெறிகொண்டு ஓடும். பொறிகள் மீண்டும் சேர்ந்தால் சுமை கூடும், இன்ஜின் தளரும். வேகம் மாறினால் நூற்பாலையில் நூல் அறுந்துபோகும். நீராவி வால்வின் அருகே ஓர் ஆள் எந்நேரமும் நின்று திறந்து மூடிக்கொண்டிருக்க இயலாது.

1788இல் போல்டன் இலண்டன் நகரத்து ஆல்பியன் மாவாலையில் ஒரு சாதனத்தைக் கண்டார். திரிகைக் கற்களுக்கு இடையேயுள்ள இடைவெளியைச் சீர்ப்படுத்த, சுழலும் குண்டுகள் அங்கே பயன்பட்டன. காற்றாலைக்காரர்கள் முன்பே அறிந்திருந்த உத்தி அது. போல்டன் அதனை வாட்டிற்கு எழுதித் தெரிவித்தார். வாட் அதே உத்தியை நீராவி வால்வுடன் இணைத்தார். பிறர் கண்டறிந்த உத்தி என்பதால் அதற்கு அவர் காப்புரிமை கோரவில்லை.

கோயில் திருவிழாவில் சங்கிலியில் தொங்கும் இருக்கைகளையுடைய ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். அது மெதுவாகச் சுற்றும்போது இருக்கைகள் நேராகத் தொங்கும். வேகம் கூடக் கூட அவை வெளிப்புறமாக விரிந்து உயரும். கவர்னரிலும் இதுவே நிகழ்கிறது. இன்ஜினால் சுழலும் ஒரு தண்டின் இருபுறமும் கீல் பொருத்திய கைகளில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்குகின்றன. வேகம் மிகுந்தால் குண்டுகள் விரியும், அவ்விரிவு ஒரு நெம்புகோலை அசைத்து வால்வைச் சிறிது மூடும், நீராவி குறையும், வேகம் தணியும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும், வால்வு திறக்கும். இன்ஜின் தன் தவற்றைத் தானே உணர்ந்து தானே திருத்திக்கொள்கிறது.

டிராக்டரின் கவர்னர்

டீசல் டிராக்டரில் நீராவி இல்லை. எனினும் கருத்து மாறவில்லை. பெரிய குண்டுகளுக்குப் பதிலாகச் சிறிய எடைகள் எரிபொருள் பம்புடன் சேர்ந்து சுழல்கின்றன. ஒருபுறம் எடைகள் வெளியே விரியத் துடிக்கும். மறுபுறம் ஒரு ஸ்பிரிங் அவற்றை எதிர்த்து நிற்கும். ஓட்டுநர் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஸ்பிரிங்கின் விசையையே கூட்டுகிறார். எடைக்கும் ஸ்பிரிங்கிற்கும் நடக்கும் இழுபறியே இன்ஜினுக்குச் செல்லும் டீசலின் அளவைத் தீர்மானிக்கிறது.

இவ்வமைப்பு கெட்டால் பழுதைக் கண்டறிய ஒரு வரிசை உண்டு. வேகம் ஏறி இறங்குவதைக் கேட்டவுடன் கவர்னரைக் குறை கூறுதல் தவறு. டீசல் வடிகட்டி அடைபட்டாலும், குழாயில் காற்று புகுந்தாலும் இன்ஜின் அவ்வாறே தடுமாறும். ஆகவே தேர்ந்த மெக்கானிக் முதலில் எரிபொருள் செல்லும் வழியைச் சோதிப்பார். அடுத்து வெளியே தெரியும் நெம்புகோல்களையும் இணைப்புகளையும் பார்ப்பார். அவை வளைந்திருக்கலாம், துருவேறி இறுகியிருக்கலாம், ஊசிகள் தேய்ந்து தொளதொளத்திருக்கலாம். இணைப்பு தொளதொளத்தால் திருத்தம் காலந்தாழ்ந்து சென்று சேரும். இன்ஜின் வேகம் மிகுந்த பிறகே டீசல் குறையும். வேகம் மிகவும் விழுந்த பிறகே டீசல் கூடும். உறுமலும் தணிவும் மாறி மாறி வருவது இதனால்தான்.

ஸ்பிரிங் தளர்ந்தால் எடைகள் விரைவில் வென்றுவிடும். இன்ஜின் உரிய வேகத்தை எட்டாது. பழைய எண்ணெயின் கசடு படிந்து உள்ளுறுப்பு ஒட்டிக்கொண்டால் டீசல் குறையாமல் பாய்ந்து, இன்ஜின் கட்டுமீறி ஓடும். அது பேரிடரை விளைவிக்கும். பம்பின் உட்பகுதியைப் பயிற்சி பெற்றவர் மட்டுமே பிரிக்க வேண்டும். ஓடும் இன்ஜினின் அருகே சிறுவர்கள் செல்லுதல் கூடாது.

ஸ்காட்லாந்தில் பிறந்த மற்றோர் அறிஞரான ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், கவர்னர் எப்போது அமைதியாக இயங்கும், எப்போது தடுமாறும் என்பதைக் கணக்கின் வழியே ஆராய்ந்து 1868இல் கட்டுரை வெளியிட்டார். தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் எல்லாப் பொறிகளையும் பற்றிய அறிவியலுக்கு அது அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

நிறையும் குறையும்

வாட்டின் காப்புரிமையை நாடாளுமன்றம் 1800ஆம் ஆண்டுவரை நீட்டித்தது. அதனை மீறியோர்மீது அவரும் போல்டனும் வழக்குத் தொடுத்தனர். கார்ன்வால் சுரங்க உரிமையாளர் பலர் தாம் செலுத்திய கூலியை எண்ணி மனம் கசந்தனர். உயர் அழுத்த நீராவி ஆபத்தானது என்று வாட் அதனை எதிர்த்தார். பிற்காலத்தில் நீராவி வண்டிகள் ஓடியது அவ்வுயர் அழுத்தத்தாலேயே. பெரியோர் வாழ்விலும் இத்தகைய எல்லைகள் இருந்தன என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

1800இல் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். எனினும் வீட்டின் மேல்மாடத்தில் ஒரு சிறு பட்டறை அமைத்துக்கொண்டு, சிலைகளைப் படியெடுக்கும் பொறிகளைச் செய்துவந்தார். 1819ஆம் ஆண்டு ஆகத்து 25ஆம் நாள் தம் 83ஆம் அகவையில் மறைந்தார். அப்பட்டறை கருவிகளோடு அப்படியே பாதுகாக்கப்பட்டு, இன்று இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இன்ஜினின் ஆற்றலை மக்களுக்கு விளக்க, குதிரையின் உழைப்போடு ஒப்பிட்டுக் குதிரைத்திறன் என்னும் அளவை அவர் வரையறுத்தார். இன்றும் டிராக்டர்கள் அவ்வளவாலேயே விற்கப்படுகின்றன. நம் வீட்டு விளக்குகளின்மீது எழுதப்பட்டிருக்கும் 'வாட்' என்னும் அலகு அவருடைய பெயரே. ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட் ஆகும்.

பழுதைக் கண்டு சலிப்பது எளிது. உறுப்பை மாற்றுவதும் எளிது. பார்த்து, அளந்து, ஒவ்வொரு காரணமாக விலக்கி, உண்மைக் காரணத்தை அடைவதே அரிது. வகுப்பறைப் பொம்மை ஒன்று ஏன் நின்றது என்று கேட்டவரால் சுரங்கங்களும் ஆலைகளும் மாறின. பேத்தமங்களா வயலோரத்தில் இன்ஜினின் ஒலிக்குச் செவிசாய்த்து நிற்கும் மெக்கானிக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
நாட்டம் – விருப்பம்
நலிந்தது – வலிமை குன்றியது
இசைவு – சம்மதம்
நொடித்துப்போதல் – பொருளிழந்து தொழில் முடங்குதல்
உள்ளுறை வெப்பம் – வெப்பநிலை மாறாமல் பொருளின் நிலை மாறும்போது ஏற்கப்படும் அல்லது வெளிப்படும் வெப்பம்
திரிகை – மாவு அரைக்கும் கல்
கசடு – அடியில் படியும் அழுக்கு
அகவை – வயது

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிளாஸ்கோ நகரில் வாட் கடை வைக்க இயலாமற்போனது ஏன்?
2. மாதிரி இன்ஜினில் நீராவி எதற்காக வீணாயிற்று?
3. கவர்னருக்கு வாட் காப்புரிமை கோராததன் காரணம் யாது?

ஆ. சுருக்கமாக விடை தருக.
1. ராட்டினத்தைக் கொண்டு கவர்னர் இயங்கும் முறையை விளக்குக.
2. டிராக்டரின் வேகம் ஏறி இறங்கினால், கவர்னரைப் பிரிக்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்? அவ்வரிசைக்குக் காரணம் என்ன?

இ. சேர்த்து எழுதுக.
1. கை + திறன்
2. பொருள் + உதவி
3. மேல் + மாடம்

ஈ. செயல்பாடு
உங்கள் குடும்பத்தில் சுரங்கத்திலோ பட்டறையிலோ வயலிலோ உழைத்த பெரியவர் ஒருவரிடம், அவர் சீர்செய்த ஒரு பழுதைப் பற்றிக் கேளுங்கள். பழுதின் அறிகுறி, அவர் ஐயுற்ற காரணங்கள், கண்டறிந்த உண்மைக் காரணம் ஆகியவற்றை வரிசைப்படுத்திப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.